எங்கே போய்க் கேட்பது? சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்குப் பதில்கள்

குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களில் மீனவக் குடும்பத்தினர், ரப்பர் தோட்டத் தொழிலாளிகள், பேங்கில் வேலை பார்ப்பவர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். எல்லாக் கடிதத்திலும் ஏதாவது ஒரு மூலையில் “இப்படி ஒன்று இருக்கிறதென்று எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை” என்ற வரி இருந்தது. அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

அக்கா, என் மகனுக்கு 3 வயது முடிந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தண்ணீர் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பான், நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் ஒரே அழுகை. மாமியார் “அவனுக்க அப்பாவும் பிந்திதான் பேசுனான்” என்கிறார். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். மார்த்தாண்டத்தில் பார்த்த டாக்டர், ஆட்டிசம் போலத் தெரிகிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். காத்திருக்கலாமா? (ஒரு தாய், அருமனை பக்கம்)

காத்திருக்க வேண்டாம் தங்கச்சி. ஒரு வயதில் மழலை ஒலி, ஒன்றரை வயதை நெருங்கும்போது ஒன்றிரண்டு சொல், 2 வயதில் “அம்மா வா” மாதிரி இரண்டு சொல் சேர்ந்து வரவேண்டும். வராவிட்டால் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்கள் பையன் அதைத் தாண்டி நிற்கிறான். அவன் அப்பா பிந்திப் பேசியது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது வெறும் பேச்சுத் தாமதம் இல்லை. ஆட்டிசம், அதாவது பிறரோடு பேசிப் பழகுவதைப் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு, என்று பெயர் வைக்க டாக்டருக்கு நேரம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும். பயிற்சி ஆரம்பிக்க அந்தப் பெயர் தேவையில்லை.

முதலில் காது. ஆட்டிசம் என்று சந்தேகம் வந்த எந்தக் குழந்தைக்கும் கேட்கும் திறனைச் சோதித்துவிட வேண்டும். குழந்தை தூங்கும்போது தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் பெரா பரிசோதனை இருக்கிறது, வலி கிடையாது. ஒருவேளை காதில்தான் குறை என்றால், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இலவசம். வயது ஏற ஏற அதன் பலன் குறையும். அதனால்தான் ஆறு மாதம் என்று கேட்டவுடன் எனக்குப் பதறுகிறது.

போக வேண்டிய இடம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகள் பிரிவில் போய் “டெய்க் எங்கே?” என்று கேளுங்கள், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்த ஏற்பாடு. பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழுவும் இதே திட்டம்தான். அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னால் அவர்களே அனுப்பி வைப்பார்கள்.

போகும்போது போனில் மூன்று நான்கு சின்ன வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மூடி அடுக்குவது, கூப்பிட்டும் திரும்பாமல் இருப்பது, சாப்பிடுவது. புது இடத்தில், வெள்ளைக் கோட்டைப் பார்த்து, குழந்தை வேறு மாதிரி நடந்துகொள்ளும். டாக்டரும் பத்து நிமிடத்தில் எவ்வளவுதான் பார்க்க முடியும்? உங்கள் வீடியோ அந்தப் பத்து நிமிடத்தை நீட்டிக் கொடுக்கும்.

அருமனையிலிருந்து நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம் என்பதால் திருவனந்தபுரம் போகிறவர்களும் நிறைய. அங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் கேரள அரசின் சைல்டு டெவலப்மென்ட் சென்டர் இருக்கிறது, ஆக்குளத்தில் பேச்சுக்கும் செவித்திறனுக்குமான நிஷ் நிறுவனம் இருக்கிறது, இரண்டும் நல்ல இடங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் தமிழ்நாட்டு உதவித்தொகைக்கும் அடையாள அட்டைக்கும் உங்கள் வழி நம் மாவட்டம்தான். அங்கே வாங்குகிற ரிப்போர்ட்டை பத்திரமாக வைத்திருந்து இங்கே காட்டுங்கள்.

அதுவரை வீட்டில்: போன், டிவி இரண்டையும் அவன் கண்ணில் படாமல் வையுங்கள். அவன் மூடி அடுக்கும்போது தடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த மூடியை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, அதை உங்கள் கண்ணருகே தூக்கிப் பிடித்து “இந்தா” என்று சொல்லிக் கொடுங்கள். அவன் ஒரு நொடி உங்கள் முகத்தைப் பார்த்தாலும் உடனே கொடுத்துவிடுங்கள். நீளமாகப் பேச வேண்டாம், ஒரே சொல். நாளைக்கு நாலைந்து தடவை, சும்மா விளையாட்டு போல. தெரபிஸ்ட் வாரத்தில் ஒரு மணி நேரம்தான் அவனுடன் இருப்பார், மீதி எல்லா நேரமும் உங்கள் வீட்டில்தானே.

மகளே, பேரனுக்கு 7 வயசு. மூளை முடக்குவாதம். நடக்க மாட்டான், கழுத்து நிற்காது. மகன் கடலுக்குப் போனால் திரும்பி வர நாள் பிடிக்கும், நானும் மருமகளும்தான் தூக்கிக்கொண்டு அலைகிறோம். ஒரு இடத்தில் அட்டை கொண்டா என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஆன்லைனில் போடு என்கிறார்கள். எங்கே ஆரம்பிக்கணும்? (குளச்சல்)

ஐயா, அவனைத் தூக்காமல் நடக்கிற வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள், பாதி அலைச்சல் குறையும்.

எல்லாவற்றுக்கும் சாவி யு.டி.ஐ.டி என்கிற தனித்துவ அடையாள அட்டை. விண்ணப்பம் ஆன்லைனில்தான், இ-சேவை மையத்தில் போட்டுக்கொடுப்பார்கள். பேரனின் ஆதார், போட்டோ, முகவரிக்கு ரேஷன் கார்டு, கையில் இருக்கிற மருத்துவச் சீட்டுகள். இதற்குப் பையனைக் கொண்டுபோக வேண்டாம். டாக்டர் குழு பார்த்துக் குறைபாட்டுக்குச் சதவீதம் போடும் அன்றைக்கு மட்டும் அவன் நேரில் வந்தாக வேண்டும். ஆகவே குழு எந்தக் கிழமையில், எந்த இடத்தில் உட்காருகிறது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் விசாரித்தால் காட்டுவார்கள். பள்ளிக் கல்வித்துறையும் அவ்வப்போது வட்டார அளவில் குழந்தைகளுக்கு மருத்துவ முகாம் நடத்தும். குளச்சலிலிருந்து நாகர்கோவில் போவதைவிட உங்கள் பக்கத்து முகாமுக்குப் போவது மருமகளுக்கு எவ்வளவோ லேசு. ஒன்றியத்துக்கு ஒன்று என்று பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையம் இருக்கிறது, அங்கே தேதி கேளுங்கள்.

40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் சான்றில் சில நேரம் காலக்கெடு போட்டிருப்பார்கள், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அது தாண்டிப்போய் உதவித்தொகை நின்ற வீடுகள் நிறைய.

அட்டை வந்ததும் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு. கடுமையான பாதிப்பு, அதாவது 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக வங்கிக் கணக்குக்கே வரும். மனு கொடுத்தால் இன்னொரு பிரதியில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். நீண்ட நாள் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள், அந்தச் சீல் போட்ட பிரதியை இணைத்து அங்கே கொடுங்கள். அங்கே பதிவு எண் தருவார்கள். வாயால் சொன்னதற்குக் கணக்கில்லை ஐயா, எண் உள்ள காகிதத்துக்கு யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆகவேண்டும்.

நாற்காலி விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கழுத்து நிற்காத பிள்ளைக்குச் சாதாரண வீல்சேர் உதவாது. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கென்றே தலைக்கு அணை, மார்புக்கு பெல்ட், கால் வைக்கப் பலகை எல்லாம் உள்ள நாற்காலி இருக்கிறது, அதையும் அதே அலுவலகத்தில் இலவசமாகக் கேட்கலாம். அளவு எடுத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெரிதாக இருந்தால் பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்து முதுகெலும்பு வளையும்.

சோறு ஊட்டும்போது மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், தலை பின்னால் சாயாமல், தாடை சற்றே கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். குழைத்த சோறு, சின்ன ஸ்பூன், ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்தது. படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகும், இந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி நெஞ்சுச்சளி வருவதற்கு அது ஒரு பெரிய காரணம். வீட்டிலேயே பிசியோதெரபி வேண்டுமென்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருவார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வளர்ச்சி தாமதம். 6 வயது. பக்கத்துப் பள்ளியில் சேர்க்கப் போனால் “ஸ்பெஷல் ஸ்கூலுக்குக் கொண்டுபோங்க, இங்க பாத்துக்க ஆள் இல்ல” என்றார்கள். அவர்கள் சொல்வதும் சரிதானோ என்று எனக்கே தோன்றுகிறது. (ஒரு தகப்பன், தோவாளை)

சரியில்லை அண்ணா. அந்த டீச்சரின் கஷ்டம் உண்மை, ஒரு வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஆள் கேட்க வேண்டியது பள்ளியின் வேலை. உங்கள் மகளைத் திருப்பி அனுப்புவது அதற்குப் பதில் ஆகாது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-வது பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அதுவும் பக்கத்துப் பள்ளியிலா சிறப்புப் பள்ளியிலா என்பது குழந்தையின் விருப்பம், அதாவது உங்கள் வீட்டின் முடிவு. பள்ளியின் முடிவு இல்லை. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. அரசுப் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 16-வது பிரிவு சொல்கிறது.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே சண்டைக்குப் போக வேண்டாம், மகள் அங்கேதானே படிக்கப்போகிறாள். முதலில் தோவாளை வட்டார வள மையத்துக்குப் போங்கள். நம் மாவட்டத்தின் 9 ஒன்றியங்களுக்கும் இப்படி மையம் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஹெச்.எம்.மைப் பாருங்கள். தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து “வாரத்தில் நான் வந்து பார்க்கிறேன், இந்தப் பிள்ளைக்குப் பாடத்தை இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம்” என்று சொன்னால், பயத்தில் மறுத்த பல பள்ளிகள் சம்மதித்துவிடும். பள்ளிக்குப் போகவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடும் இவர்களிடம்தான் இருக்கிறது. அது உங்கள் மகளுக்கு வேண்டாம், அவள் நடக்கிறாள், விளையாடுகிறாள், மற்ற பிள்ளைகளோடு இருக்கட்டும். அதற்கும் மசியாவிட்டால் சேர்க்க மறுக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். அப்போது நீங்கள் எழுதி, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சிறப்புப் பள்ளி மட்டம் என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது, சாப்பிட, உடுத்த, கழிப்பறை போகத் தனியாகக் கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இருப்பார்கள். போய்ப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள். யாரோ துரத்தி அங்கே போகக்கூடாது.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே. தைராய்டும் வருடத்துக்கு ஒரு தடவை.

ஆட்டிசத்தை ஸ்டெம் செல் ஊசியில் குணமாக்குகிறோம் என்று யூடியூபில் பார்த்து விசாரித்தோம். 4 லட்சம் கேட்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா என்று யோசிக்கிறோம். (நித்திரவிளை)

வைக்காதீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி ஸ்டெம் செல், அதாவது வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல், குறிப்பிட்ட சில ரத்த நோய்களுக்கும் அது போன்றவற்றுக்கும்தான் ஏற்கப்பட்ட சிகிச்சை. ஆட்டிசத்துக்கு இல்லை. ஆராய்ச்சி என்று சொல்லிச் செய்தால் அதற்குப் பெற்றோரிடம் காசு வாங்கக்கூடாது. ஆட்டிசத்தை மாற்றும் மருந்து இன்றைக்கு எங்கும் கிடையாது, பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி இவைதான் பிள்ளையை முன்னே கொண்டுபோகும், அதுவும் மெதுவாகத்தான். அந்த 4 லட்சம் கையில் இருந்தால் எத்தனை வருடத் தெரபி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்ற வயிற்றின் தவிப்பை வைத்து வியாபாரம் செய்கிறார்கள், நினைத்தாலே கொதிக்கிறது.

தெரபி செலவுக்கு இன்சூரன்ஸ் எதுவும் கிடைக்குமா? எந்தக் கம்பெனியும் எடுக்க மறுக்கிறது. (வெட்டூர்ணிமடம்)

நிராமயா என்ற காப்பீடு இருக்கிறது. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் உண்டு. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, ஏற்கெனவே இருக்கிற நோய் என்று தள்ள மாட்டார்கள், வயது வரம்பு இல்லை, தெரபிக்கும் வெளிநோயாளிச் செலவுக்கும் தனித்தனி வரம்புக்குள் பணம் திரும்ப வரும். வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் சேர 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. வருடம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். நேஷனல் டிரஸ்டில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்கலாம், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் எந்த நிறுவனம் என்று சொல்வார்கள். பில்களை மாதா மாதம் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

நானும் கணவரும் சம்பளக்காரர்கள். வரியில் சலுகை உண்டா? மகனை மாதம் ஒருமுறை திருவனந்தபுரம் கூட்டிப்போகிறோம், ரயிலில்? (நாகர்கோவில்)

பழைய வரி முறையில் இருந்தால், குறைபாடுள்ள பிள்ளையைப் பராமரிப்பதற்கென்று வருமானத்தில் 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 கழிக்கலாம். என்ன செலவானது என்று பில் காட்ட வேண்டியதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்றால் டாக்டரிடம் அதற்கென்று உள்ள படிவத்தில் சான்று வாங்க வேண்டும். புதிய வரி முறையில் இது கிடையாது, எது லாபம் என்று கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ரயிலில், துணையில்லாமல் போக முடியாத அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதம் கட்டணக் குறைப்பு. ரயில்வேயின் தனி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள், நாகர்கோவில் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் வருகிறது.

அக்கா, இது கேள்வி இல்லை. என் பிள்ளைக்கு 9 வயது, ராத்திரி தூங்க மாட்டான், பகலில் ஒரு நிமிடம் விட்டால் ரோட்டுக்கு ஓடிவிடுவான். கல்யாண வீடு, கோயில் கொடை என்று எங்கேயும் போவதில்லை. ஒருமுறை போனேன், பந்தியில் அவன் இலையை இழுத்துவிட்டான், “எந்தப் பாவமோ” என்று ஒரு பெரியம்மா சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. எனக்கே எதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (தக்கலை)

முதலில் இது: எந்தப் பாவமும் இல்லை. நீங்கள் கர்ப்பத்தில் பார்த்ததோ, சாப்பிட்டதோ, போட்ட சண்டையோ இதற்குக் காரணம் இல்லை. அந்தப் பெரியம்மாவுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், உங்கள் தெம்பை அதில் செலவழிக்காதீர்கள்.

அடுத்தது, உங்கள் தூக்கம். ராத்திரி தூங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை வருடம் தாங்குவாள்? ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி (கவனம் நிலைக்காமல் மிகவும் துறுதுறுவென்று இருப்பது) உள்ள பிள்ளைகளுக்குத் தூக்கம் குறைவது சகஜம், அதற்கு வழி உண்டு, டாக்டரிடம் அதை மட்டுமே தனியாகச் சொல்லுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு போன் வெளிச்சம் கூடாது, பகல் தூக்கத்தைக் குறையுங்கள், படுக்கும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். இவற்றில் சரியாகாவிட்டால் டாக்டர் மருந்து பற்றி யோசிப்பார். “ராத்திரி தூங்க மாட்டான்” என்று போகிறபோக்கில் சொன்னால் அவர் காதில் விழாது, எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை தடவை எழுந்தான் என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு போய் மேசையில் வையுங்கள்.

கதவுக்கு மேல் தாழ்ப்பாள், அவன் கை எட்டாத உயரத்தில். சட்டைப் பையின் உள்பக்கம் உங்கள் போன் நம்பர் தைத்துவிடுங்கள். தெருவில் நாலு கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் அவன் போட்டோவைக் காட்டி, இவனைத் தனியாகப் பார்த்தால் நிறுத்தி வைத்துக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வையுங்கள். வெட்கப்பட வேண்டாம், ஊர் ஒத்தாசை செய்யும். நம் ஊர்களில் பிள்ளையைத் தெரியாததால்தான் பயப்படுகிறார்கள், தெரிந்துவிட்டால் அவர்களே பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. இந்த மாவட்டத்தில் உங்களைப் போல வீட்டுக்குள் இருக்கும் அம்மாக்கள் நிறையப் பேர், ஒருவருக்கொருவர் தெரியாது, அவ்வளவுதான். தெரபி நடக்கும் இடத்தில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களிடம் நம்பர் வாங்குங்கள். வட்டார வள மையத்தில் “இந்த ஒன்றியத்தில் இப்படிப் பிள்ளைகள் உள்ள அம்மாக்களைச் சந்திக்க வேண்டும்” என்று கேளுங்கள். மூன்று பேர் போதும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு வீட்டில் கூடுங்கள், இரண்டு பேர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், ஒருத்தி இரண்டு மணி நேரம் போய் வரட்டும். எந்த டாக்டர் நன்றாகப் பேசுகிறார், எந்த முகாமில் எந்தக் கிழமை கூட்டம் குறைவு, பல் டாக்டர் யார் இந்தப் பிள்ளைகளைக் கத்தாமல் பார்ப்பார் என்பதெல்லாம் எந்த அரசாணையிலும் கிடைக்காது, இன்னொரு அம்மாவிடம்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருக்கிற மொத்தத்தையும்விட அந்த மூன்று நம்பர்கள்தான் பெரிது.

கணவரிடமும் பேசுங்கள். வாரத்தில் ஓர் இரவாவது பிள்ளை அவர் பொறுப்பு, நீங்கள் வேறு அறையில் தூங்க வேண்டும். “எனக்குப் பழக்கமில்லை” என்பார். உங்களுக்கும் முதலில் பழக்கமில்லையே.

எதாவது ஆகிவிடுமோ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. மனநல டாக்டரைப் பார்ப்பதில் ஒரு தவறும் இல்லை. இந்தக் கடிதத்துக்கு எனக்கு இன்னொரு கடிதம் வேண்டும், கட்டாயம் எழுதுங்கள்.

எனக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. கணவர் இல்லை. மகளுக்கு 19 வயது, அறிவுசார் குறைபாடு. பேங்கில் அவள் கணக்கைப் பற்றிக் கேட்டால் “கார்டியன் சர்டிபிகேட் கொண்டு வா” என்கிறார்கள். பெற்ற தாய்க்கே சர்டிபிகேட்டா? எனக்குப் பிறகு அவளுக்கு யார்? (குலசேகரம்)

அம்மா, 18 வயது முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அவள் தனி ஆள், தாய் என்பதால் மட்டும் நீங்கள் அவளுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. கேட்கவே வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் வழி சுலபம். 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அது சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று கொடுக்கும். நீதிமன்றம், வக்கீல் செலவு ஒன்றும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலேயே படிவம் கேளுங்கள். அவள் பெயரில் சொத்து இருந்தால் சான்று வாங்கிய 6 மாதத்துக்குள் அதன் பட்டியலையும், பிறகு வருடா வருடம் கணக்கையும் கொடுக்க வேண்டும், நாளைக்கு யாரும் அவளை ஏமாற்றக்கூடாது என்பதற்காகத்தான்.

உங்களுக்குப் பிறகு உறவினர் ஒருவரோ பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ பாதுகாவலராக விண்ணப்பிக்கலாம். யார் என்று இப்போதே தீர்மானித்து, அவரிடம் வாய்விட்டுக் கேட்டு, சம்மதம் வாங்கி வையுங்கள். “என் தம்பி பார்த்துக்குவான்” என்று மனதுக்குள் வைத்திருந்தால் தம்பிக்கும் தெரியாது, தம்பி மனைவிக்கும் தெரியாது. வீடோ நிலமோ அவள் பெயருக்கு நேரடியாக எழுதிவைக்குமுன் வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஆலோசனை கேளுங்கள், இலவசம்.

அதோடு அவளுக்கு வேலை பழக்குங்கள். தண்ணீர் பிடிக்க, துணி மடிக்க, காசை எண்ண, தீட்டு நாட்களில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள. தொடக்கூடாத இடத்தில் யாராவது தொட்டால் கத்தச் சொல்லிக்கொடுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் விடியுமுன் பால் வெட்டப் போய்விடுகிறீர்கள், அந்த நேரத்தில் வீட்டில் அவளோடு யார் இருக்கிறார்கள் என்பது எனக்குச் சர்டிபிகேட்டைவிடக் கவலையாக இருக்கிறது. நம்பகமான பெண் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

மகன் 8-ஆம் வகுப்பு, டிஸ்லெக்ஸியா. வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்வான், எழுதினால் ஒன்றும் வராது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சலுகை உண்டா? (கருங்கல்)

உண்டு. சொல்வதை எழுத ஓர் ஆள், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு, இவற்றில் அவனுக்கு எது தேவையோ அதைப் பள்ளி வழியாக அரசுத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு டிஸ்லெக்ஸியா என்று மருத்துவச் சான்று வேண்டும். 8 வயது முதலே அதைப் பரிசோதித்துச் சான்று தரலாம், ஆகையால் இப்போதே ஆசாரிப்பள்ளத்தில் சோதனைக்குப் பெயர் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டிலிருந்தே இன்னொருவரிடம் சொல்லி எழுதப் பழக்குங்கள், அது தனிப் பழக்கம், நிறுத்தி நிறுத்தி, எங்கே பத்தி பிரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹெச்.எம்.மிடம் விண்ணப்பத்தைப் பத்தாம் வகுப்பு தொடங்கும் ஜூனிலேயே கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.